போலனி, பூரவோர்ஸ், பில்டாங்: எதெல்லாம் பதப்படுத்திய இறைச்சி? நிறுத்த வேண்டுமா?

புதுஅடுப்பு (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு 6 வயது, 10 வயது. பள்ளிக்கூடத்துக்கு வாரத்தில் நாலு நாள் சிக்கன் போலனி (கூழாக்கிய இறைச்சியில் செய்த தடித்த சாசேஜ்) சாண்ட்விச். பிராய் (கரியில் இறைச்சி சுடுவது) போட்டால் பூரவோர்ஸ் என்ற மசாலா சாசேஜ், வியன்னா என்ற மெல்லிய சாசேஜ். வீட்டுக்காரருக்கு பில்டாங் (உப்பிட்டுக் காயவைத்த மாட்டுக்கறி) இல்லாமல் ரக்பி ஆட்டம் கிடையாது. மாமியார் குளிர்காலத்தில் உப்புக்கண்டம் போடுவார்.

பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் தரும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஆனால் எது பதப்படுத்தியது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். கோழியில் செய்த போலனியும் அதில் சேருமா? ஃப்ரீசர் கோழி? டின் மீன்? வீட்டில் போட்ட உப்புக்கண்டம்? எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா, குறைத்தால் போதுமா?

உணவுக்கணக்கு

பதப்படுத்திய இறைச்சி என்றால் தொழிற்சாலையில் செய்தது, பாக்கெட்டில் வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பார்ப்பது இறைச்சிக்கு என்ன செய்தார்கள் என்பதை. உப்பிட்டு ஊறவைத்தல், நைட்ரைட் போன்ற பதனப்பொருள் சேர்த்தல், புளிக்கவைத்தல், புகையூட்டல், இவை போல ருசிக்காகவோ கெடாமல் இருப்பதற்காகவோ இறைச்சியை மாற்றும் வேலை எதுவானாலும் கணக்கில் வரும். எந்த விலங்கு, யார் செய்தார்கள், கடையா வீடா என்பது பொருட்டில்லை.

அதனால் போலனி, வியன்னா, ரஷியன் சாசேஜ், ஹாம், பேக்கன், சலாமி, டின்னில் வரும் புல்லி பீஃப் எல்லாம் சந்தேகமில்லாமல் உள்ளே. சிக்கன் போலனியும் உள்ளேதான். அந்த முகமையின் விளக்கத்திலேயே கோழியும் சேரலாம் என்று இருக்கிறது. பில்டாங்கை அவர்கள் பெயர் சொல்லியே பட்டியலில் வைத்திருக்கிறார்கள். "மாட்டைக் காயவைத்தது, வேறொன்றும் இல்லை" என்ற சமாதானம் நம் ஊரில் அடிக்கடி காதில் விழுகிறது. அது பொருந்தாது.

வெளியே நிற்பவை: வெட்டிய ஆட்டுக்கறி, கொத்துக்கறி, உறையவைத்த கோழி. குளிரவைப்பதும் அரைப்பதும் வெட்டுவதும் பதப்படுத்தல் ஆகாது. வீட்டில் மஞ்சள், உப்பு, மிளகாய் தடவி அரை நாள் ஊறவைத்துச் சமைப்பதும் ஆகாது. அது சமையலுக்கு முந்தின வேலை. டின் மீன் இறைச்சிக் கணக்கிலேயே வராது. பில்ச்சர்ட் (டின்னில் வரும் மத்தி வகை மீன்) குழம்பை நிம்மதியாக வையுங்கள். உப்பின் அளவை மட்டும் லேபிளில் பாருங்கள்.

இனி ஆபத்தின் அளவு. 2015 அக்டோபரில், 10 நாடுகளைச் சேர்ந்த 22 வல்லுநர்கள் 800க்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்து, பதப்படுத்திய இறைச்சியை 'முதல் பிரிவில்' வைத்தார்கள். புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதனால் "போலனியும் சிகரெட்டும் ஒன்று" என்று செய்தி பரவியது. இது தவறான படிப்பு. அந்தப் பிரிவு, புற்றுநோய் உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. எவ்வளவு பேருக்கு உண்டாக்கும் என்பதைச் சொல்வதில்லை. அந்த முகமையே எடுத்துக்காட்டிய மதிப்பீட்டின்படி, உலகில் ஓராண்டில் புகையிலையால் வரும் புற்றுநோய்ச் சாவுகள் சுமார் 10 லட்சம், மதுவால் 6 லட்சம், பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் சுமார் 34,000.

தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. இந்த 18ஐ 'நூறு பேரில் 18 பேருக்கு வரும்' என்று படித்துப் பயப்படுகிறார்கள். கணக்கு அப்படி இல்லை. ஒரு பேச்சுக்கு, ஆயுள் முழுவதிலும் 1000 பேரில் 50 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், எல்லோரும் தினமும் 50 கிராம் தின்றால் அது 59 ஆகும். சின்ன எண்தான், ஆனால் அந்த ஒன்பது பேரும் தவிர்த்திருக்கக்கூடியவர்கள். 50 கிராம் என்பது ஒரு வியன்னா, அல்லது போலனியில் இரண்டு மூன்று துண்டு.

எனவே என் கருத்து: உங்கள் வீட்டில் முதலில் போக வேண்டியது லஞ்ச் பாக்ஸ் போலனி. பிராய் அன்றைக்குத் தின்னும் பூரவோர்ஸைப் பற்றி இப்போதே சண்டை போடாதீர்கள். வாரம் நாலு நாள் போவதும் மாதம் இரண்டு தடவை வருவதும் ஒரே எடை ஆகாது. அதோடு 6 வயதில் பழகின நாக்கு 30 வயதிலும் அதையே தேடும். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை, பதப்படுத்திய இறைச்சி "மிகக் குறைவாக, முடிந்தால் இல்லாமல்" என்பது. ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சிக்கு வாரத்தில் சமைத்த எடையாக 350 முதல் 500 கிராம் வரை. 500 கிராம் சமைத்த கறி, பச்சையாக எலும்பில்லாமல் ஏறக்குறைய 700 முதல் 750 கிராம்.

கறிக்கடைக்கத்தி

மேலே சொன்னது சரி. நான் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

போலனியின் அடிப்படை, எலும்பிலிருந்து எந்திரத்தால் பிழிந்தெடுத்த கோழிச் சதை. கூழாக இருக்கும். இதில் பெரும்பகுதி பிரேசிலிலிருந்து வருவது. 2025 மே மாதம் அங்கே பறவைக் காய்ச்சல் வந்து இறக்குமதியை நிறுத்தினபோது போலனித் தொழிலே திணறியது அதனால்தான். அந்தக் கூழோடு தண்ணீர், மாவுப்பொருள், சோயா, உப்பு, பாஸ்பேட், நைட்ரைட், நிறம். நீங்கள் இந்து வீடு என்றால் இன்னொன்று: 'சிக்கன்' என்று முன்பக்கம் பெரிதாக இருந்தாலும் பின்பக்கம் மாடோ பன்றியோ கலந்திருக்கலாம். பொருட்பட்டியலைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். பட்டியல் எடையில் கூடியதிலிருந்து குறைந்ததற்கு இறங்கும். இறைச்சிக்கு முன்னால் தண்ணீர் நின்றால் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று புரிந்துவிடும்.

நைட்ரைட்டை E என்ற எழுத்தோடு எண்ணாக எழுதியிருப்பார்கள். ஈ249, ஈ250 நைட்ரைட். ஈ251, ஈ252 நைட்ரேட், பழைய வெடியுப்பு. இதைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கிளாஸ்ட்ரிடியம் போட்யூலினம் என்ற கொடிய நச்சுக் கிருமியை அடக்கும், இறைச்சியை வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக வைக்கும். வெந்த கோழி வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும்? சிக்கன் போலனி சிவந்திருப்பதற்கு நைட்ரைட்டும் நிறமும் காரணம். கெடுதல் எங்கே என்றால், நைட்ரைட்டும் புரதச் சிதைவுப் பொருள்களும் சேர்ந்து வயிற்றிலும் சூடான வாணலியிலும் நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய்ப் பொருள்கள் உண்டாகும். சிவப்பு இறைச்சியின் இரும்புச்சத்து குடலில் அதைத் தூண்டிவிடும். பேக்கனைக் கருக்கக் கருக்கப் பொரிப்பது இதனால்தான் மோசம். மிதமான தீயில் நேரம் எடுத்து வேகவிட வேண்டும்.

"நைட்ரைட் சேர்க்கவில்லை" என்று விளம்பரம் செய்யும் சில வகைகளில் செலரிப் பொடி போட்டிருப்பார்கள். செலரியில் இயற்கையாகவே நைட்ரேட் நிறைய. கிருமி வளர்த்து அதை நைட்ரைட்டாக மாற்றித்தான் போடுகிறார்கள். இறைச்சிக்கு அது செடியிலிருந்து வந்ததா ரசாயனத்திலிருந்து வந்ததா என்று தெரியாது.

பூரவோர்ஸ் வேறு ஜாதி. 1990 முதல் இருக்கும் சட்டப்படி, பூரவோர்ஸ் என்று பெயர் வைத்தால் இறைச்சி குறைந்தது 90 சதவீதம், கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது, குடல் ஈரல் போன்ற உள்ளுறுப்பு கூடாது (உறையாக இருக்கும் குடல் மட்டும் விதிவிலக்கு), எந்திரத்தால் பிழிந்த சதையும் கூடாது. நல்ல கடையில் செய்தது இறைச்சி, கொத்தமல்லி விதை, கிராம்பு, ஜாதிக்காய், வினிகர், உப்பு இவ்வளவுதான். பச்சையாக விற்பது, பொதுவாக நைட்ரைட் இருக்காது. ஆனால் நிறம் மங்காமல் இருக்க ஈ220 முதல் ஈ228 வரையுள்ள சல்ஃபைட் சேர்ப்பது உண்டு. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அந்த எண்ணைத் தேடுங்கள், சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும். சாசேஜ் என்ற வகையில் பூரவோர்ஸும் பதப்படுத்தியதாகவே எண்ணப்படும். ஆனாலும் போலனிக்கும் அதற்கும் நடுவில் நல்ல தூரம் இருக்கிறது. பெயர் 'பூரவோர்ஸ்' என்று முழுதாக இல்லாமல் வேறு ஏதோ வோர்ஸ் என்றிருந்தால் இந்த அளவுகள் இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

உறைந்த கோழித் துண்டுப் பைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் உப்புநீர் ஏற்றுவார்கள். 2016இல் வந்த வரம்பு துண்டுகளுக்கு 15 சதவீதம், முழுக்கோழிக்கு 10 சதவீதம். இதைப் பதப்படுத்திய இறைச்சி என்று யாரும் எண்ணுவதில்லை, ஆனால் உப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. குழம்பில் போடும் உப்பைப் பாதியாக்கிப் பிறகு ருசி பாருங்கள்.

பில்டாங்குக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ பச்சைக் கறிக்கு 20 கிராம் உப்பு என்பது சாதாரண அளவு. காய்ந்து எடை பாதியாகும். அப்படியென்றால் 100 கிராம் பில்டாங்கில் 4 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வது 5 கிராமுக்குள். ஆட்டம் முடிவதற்குள் ஒரு பை காலியானால் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அன்றைய உப்பு முடிந்தது. லேபிளில் சோடியம் என்று மில்லிகிராமில் இருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள், உப்பு வந்துவிடும்: 900 மி.கி. சோடியம் என்றால் 2.25 கிராம் உப்பு.

புதுஅடுப்பு

இருவருக்கும் நன்றி. சிக்கன் போலனி நல்லது என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். அப்படியானால் லஞ்ச் பாக்ஸில் வேறு என்ன வைப்பது? காலையில் அரை மணிதான் நேரம். இன்னொன்று, என் நாத்தனார் ஐந்து மாதக் கர்ப்பிணி. போலனியை வறுத்துத் தின்றால் பரவாயில்லையா என்று கேட்கிறாள்.

வார்டுவேலை

நாத்தனார் கேள்விக்கு முதலில், அது அவசரம். கர்ப்ப காலத்தில் போலனி, வியன்னா, ஹாம் எதையும் பாக்கெட்டிலிருந்து எடுத்த வாக்கில் தின்னக் கூடாது. இது புற்றுநோய்க் கணக்கு இல்லை, லிஸ்டீரியா என்ற கிருமி. இந்த நாட்டில் 2017-18இல் வந்தது உலகில் பதிவான லிஸ்டீரியா பரவல்களில் மிகப் பெரியது. 1,060 பேருக்கு உறுதியானது, 216 பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் பச்சைக் குழந்தைகள் ஏராளம். 2018 மார்ச்சில் மூலம் கண்டுபிடிக்கப்பட்டது, போலனி. கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சல், உடம்பு வலி மட்டும் இருக்கும். ஆனால் கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். தின்ற பிறகு அறிகுறி தெரிய இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம், அதனால் எதைத் தின்றோம் என்று நினைவே இருக்காது. காரணமில்லாத காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் "இன்னது சாப்பிட்டேன்" என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மற்றக் கிருமிகள் குளிரில் அடங்கும். இது ஃப்ரிட்ஜிலும் பெருகும். வறுத்தால் சாகும், ஆனால் வறுப்பது என்றால் ஓரம் சிவக்க வைப்பது இல்லை. நடுவிலும் ஆவி பறக்க, 75 டிகிரி எட்ட வேண்டும். அதை நம்பித் தின்பதைவிடக் குழந்தை பிறக்கும் வரை விட்டுவிடுவதே மேல் என்பேன். ஒரு விஷயம் மறந்துபோகும்: போலனி வெட்டின கத்தி, பலகை, பாக்கெட்டில் தேங்கின நீர். அந்தக் கத்தியாலேயே வெள்ளரி வெட்டினால் அவள் போலனி தின்னாமலே கிருமி சேர்ந்துவிடும். 65 வயதைத் தாண்டினவர்கள், நீரிழிவு, எச்.ஐ.வி., கீமோ மருந்து எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மின்தடை வரும் நாட்களில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் வைத்தால் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால் திறந்த பாக்கெட்டை யோசிக்காமல் எறியுங்கள்.

உணவுக்கணக்கு

லஞ்ச் பாக்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்தால் புதன் வரை ஓடும்.

எலும்பில்லாத கோழி நெஞ்சு 1 கிலோ. தடித்த பக்கத்தைப் பூரிக்கட்டையால் தட்டி எல்லா இடமும் 2 செ.மீ. கனமாக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் மெல்லிய முனை காய்ந்து நாராகும், நடு வேகாது. உப்பு 10 கிராம் (உப்புநீர் ஏற்றிய கோழி என்றால் 5), மஞ்சள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, இஞ்சிபூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் இரண்டு. தடவி ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம். ஓவனில் 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். நடுவில் குத்தினால் தெளிந்த சாறு வர வேண்டும், வெப்பமானி இருந்தால் 75 டிகிரி. பத்து நிமிடம் மூடி வைத்து, ஆறியதும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

வெட்டுவது மறுநாள்தான். சூடாக வெட்டினால் சாறு ஓடி உதிர்ந்துபோகும், ரொட்டி நனையும். குளிர்ந்த பிறகு நாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டினால் போலனி போலவே ரொட்டியில் படியும். பிள்ளைகளுக்கு இந்த வடிவம் முக்கியம். கறித் துண்டாக வைத்தால் திரும்பி வரும். ஃப்ரிட்ஜில் மூன்று நாள், அதற்கு மேல் வேண்டியதை 60 கிராம் பொட்டலங்களாக ஃப்ரீசரில் வையுங்கள், இரண்டு மாதம் நன்றாக இருக்கும். முந்தின இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். காலையில் மேசைமேல் வைத்து உருக்காதீர்கள். பிப்ரவரி டர்பன் வெயிலுக்கு லஞ்ச் பாக்ஸில் ஐஸ் கட்டி கட்டாயம்.

மற்ற நாளுக்கு அவித்த முட்டை மிளகோடு மசித்தது, முள் நீக்கிப் பிசைந்த பில்ச்சர்ட், கெட்டியாக வற்றவைத்த சுகர் பீன்ஸ் கறியை ரொட்டியில் சுருட்டினது, பள்ளியில் தடை இல்லை என்றால் நிலக்கடலை வெண்ணெய். புரட்டாசியில் நம் வீடுகளில் சோயா வியன்னா நிறைய ஓடும். அது பதப்படுத்திய இறைச்சி இல்லை, இறைச்சியே இல்லை. ஆனால் உப்பு ஏறக்குறைய அதே அளவு இருக்கும், தினப்படி உணவாக்க வேண்டாம்.

ஒரேயடியாக நிறுத்தினால் பெட்டி திறக்காமலே வீடு திரும்பும். முதல் இரண்டு வாரம் நாலு நாளை இரண்டாக்குங்கள், பிறகு ஒன்று, பிறகு பிறந்தநாள் விருந்துகளில் கிடைப்பது மட்டும்.

கறிக்கடைக்கத்தி

மாமியாரின் உப்புக்கண்டம் விட்டுப்போயிற்று. மரியாதையோடு சொல்கிறேன், அதுவும் பதப்படுத்திய இறைச்சிதான். உப்பிட்டுக் காயவைத்துக் கெடாமல் வைப்பதுதான் அதன் வேலை. நைட்ரைட் இல்லாதது நல்லது. அவர் குளிர்காலத்தில் போடுவது மிகச் சரி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் டர்பன் காற்றில் ஈரம் குறைவு. கோடையில் போட்டால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். விரல் கனத்துக்கு மேல் வெட்டக் கூடாது, ஈ மொய்க்காமல் வலை வேண்டும், உடைத்தால் நடுவில் பச்சை ஈரம் தெரியக் கூடாது. பூஞ்சை கண்ட துண்டைச் சுரண்டிவிட்டுச் சமைக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். சமைக்கும் முன் வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டினால் உப்பில் ஒரு பகுதி போகும். பொரிப்பதைவிடக் கத்தரிக்காயோ முருங்கைக்காயோ போட்டுக் குழம்பில் நாலு துண்டு போதும், வாசனைக்கு அதுவே நிறையும்.

கருவாட்டைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். சீன முறையில் உப்பிட்ட மீனை மட்டும் அந்த முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது, மூக்குக்குப் பின்னாலுள்ள தொண்டைப் பகுதிப் புற்றுநோய்க்காக. மற்ற உப்பு மீன்களுக்கு அந்த முடிவு இல்லை. உப்புக் கணக்கு மட்டும் பொருந்தும்.

புதுஅடுப்பு

மாமியாரிடம் இதை நானே வாசித்துக் காட்டுகிறேன், கோபிக்க மாட்டார். கடைசியாக ஒன்று: பிராயில் பூரவோர்ஸ் கருகுவதைத் தவிர்க்க முடியுமா? எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு பக்கம் கரிதான்.

கறிக்கடைக்கத்தி

முடியும். தீ எரியும்போது போடாதீர்கள். கரி சாம்பல் பூத்து, கையைக் கம்பிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் ஏழெட்டு விநாடி பிடிக்க முடிகிற சூட்டில் போடுங்கள். முள்கரண்டியால் குத்தக் கூடாது. குத்தினால் கொழுப்பு கரியில் சொட்டும், சொட்டினால் தீ எழும், அந்தப் புகைதான் கெட்ட பொருள்களைத் திரும்ப இறைச்சியில் ஏற்றுகிறது. சுருளை வெட்டாமல் இரட்டைக் கம்பித்தட்டில் பூட்டி இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள், மொத்தம் 12 முதல் 15 நிமிடம். அரைத்த இறைச்சி என்பதால் நடுவில் சிவப்பு மிஞ்சக் கூடாது, அதற்காகக் கருக்கவும் தேவையில்லை. கொழுப்பு சொட்டித் தீ எழுந்தால் தண்ணீர் தெளிக்காமல் தட்டை ஓரத்துக்கு நகர்த்துங்கள், தண்ணீர் பட்டால் சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டும். கருகின தோலை உரித்துவிட்டுப் பரிமாறுங்கள்.